பாதி சுரண்டிய பச்சை வட்டம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு குளிர்ப்பெட்டிக்குள் கிடைத்தது. தொடக்கத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறகு எப்படியும் பொய்தான் சொல்லப் போகிறேன். வெள்ளவத்தையில் என் மாடிவீட்டுக்குக் கீழே ஒரு மினி மார்க்கெட் இருக்கிறது. ஐஸ்கிரீம் தேடிக் கையை விட்டபோது, அடியில் ஒரு ரோல்ஸ் பைக்கட் அகப்பட்டது. அதன்மேல் ஒரு பச்சை வட்டம். யாரோ அதைக் கத்தியால் சுரண்டியிருந்தார்கள், பாதி மட்டும். மீதிப் பாதியில் அரபு எழுத்தின் ஒரு வளைவும் ‘ஹலால்’ என்ற சொல்லின் வாலும் இருந்தன.

ஸ்டிக்கர் வேண்டாமென்றால் முழுதாகச் சுரண்டியிருக்கலாம். வேண்டுமென்றால் தொடாமல் விட்டிருக்கலாம். பாதியில் கையை நிறுத்திய மனிதர் யார்? ஐஸ்கிரீமை மறந்துவிட்டு வீட்டுக்கு ஏறினேன். அந்தப் பைக்கட்டை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பொரித்துத் தின்று ஏப்பம் விட்டிருப்பேன், கதை வந்திருக்காது.

ஆக, கீழே வரப்போகிறவர்கள் எல்லாரும் அந்த வட்டத்தில் காணாமல் போன பாதிக்காக நான் வரைந்தவர்கள். நம்புவதும் விடுவதும் உங்கள் பொறுப்பு.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: “ஸமீமா கடையைத் திறந்தபோது கடலிலிருந்து வந்த காற்று அவளுடைய…”

விட்டுவிட்டேன். வெள்ளவத்தையைப் பற்றி எழுதுகிற எல்லாருக்கும் முதல் வரியிலேயே கடற்காற்று வீசிவிடுகிறது. அங்கே முதலில் வருவது காலி நகருக்குப் போகும் காலி வீதியின் பஸ் புகை.

இரண்டாவது: “இஸ்லாமிய வணிக அறத்தின்படி, விற்பவன் தன் பொருளின் குறையை வாங்குபவனிடம் மறைக்காமல்…”

இது கட்டுரை. வாசகர் கொட்டாவி விடுவார். ஆனாலும் இதற்குள் ஒரு நல்ல சங்கதி இருக்கிறது. ஸமீமாவின் வாயில் வைத்துப் பிறகு தருகிறேன்.

மூன்றாவது: “ஒஸ்வால்ட்டின் வீட்டில் பன்றி இறைச்சி சமைத்து நெடுங்காலமாயிற்று.”

இது இருக்கட்டும். இதிலிருந்து போவோம்.

3

ஒஸ்வால்ட்டின் வீட்டில் பன்றி இறைச்சி சமைத்து நெடுங்காலமாயிற்று. கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. கிறிஸ்மஸ், அதுதான் நத்தார், என்றால் அவருடைய மனைவி பிலோமினா கொறுக்காப்புளி போட்டு வைக்கும் பன்றிக்கறிக்கு, மட்டக்குளியிலிருந்து அவளுடைய தம்பி டெரிக் பஸ் ஏறி வந்துவிடுவான். அதெல்லாம் ஸமீமா அந்தச் சமையலறைக்குள் வந்த நாளோடு நின்றது.

ஒஸ்வால்ட் வீட்டிலேயே கோழிக்கறி சுருட்டிய ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட் செய்து கடைகளுக்குப் போடுகிறவர். ஸமீமா கிராண்ட்பாஸ்காரி, ஆள் சிறிது, குரல் பெரிது. வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு இறங்கும் ஒழுங்கையில் அப்போதுதான் ஒரு தேத்தண்ணிக் கடை திறந்திருந்தாள். ஹலால் முத்திரை வேண்டும், வேண்டாம் என்று நாடு சண்டைபிடித்து, உள்ளூர்ப் பைக்கட்டுகளிலிருந்து அது மெல்ல மறைந்துகொண்டிருந்த காலம் அது. முத்திரையைப் பார்த்து வாங்கப் பழகிய சனம் மறுபடியும் ஆளைப் பார்த்து வாங்க வேண்டியிருந்தது. யாருடைய கடை, யாருடைய கை என்று விசாரித்தார்கள்.

ஸமீமாவும் விசாரித்தாள். ஒஸ்வால்ட்டுக்குக் கோழி கொடுக்கும் பஸீர் நானா சொன்னார்: “கோழி என்ட கடைல தான் எடுக்கிற. மத்ததுக்கு நான் பொறுப்பில்ல. நீங்களே போய்ப் பாருங்க.”

அவள் போய்ப் பார்த்தாள். சும்மா எட்டிப் பார்க்கவில்லை. அலுமாரியைத் திறந்தாள்.

“இது என்ன போத்தல் அக்கா?”

“பிராண்டி. கிறிஸ்மஸ் கேக்குக்கு,” என்றாள் பிலோமினா.

“இந்த அலுமாரில வாணாம்.”

பிறகு மாவு, மாஜரின், எண்ணெய்ச் சட்டி. கடைசியாக, பெட்டிஸுக்கு முட்டை பூசுகிற பிரஷ்ஷைக் கையில் எடுத்து விரலால் தடவினாள்.

“இது என்ன முடி அண்ணா?”

ஒஸ்வால்ட் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். இத்தனை வருடம் முட்டை பூசியும் அது எதனுடைய முடி என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

“சில பிரஷ் பண்டிட முடில செய்ற. ரப்பர்ல ஒண்டு வருது, அத எடுங்க.”

“தங்கச்சி, நீங்க பொலிஸ்ல இருந்திருக்கணும்,” என்றார் ஒஸ்வால்ட்.

அவள் சிரிக்கவில்லை. “ஊட்ல பண்டி சமைக்கிறா?” என்று கேட்டாள்.

“இனி இல்ல.”

அது அவரை அறியாமல் வாயிலிருந்து விழுந்த சொல். பிலோமினாவைக் கேட்காமல் சொன்னது. அதற்காக அவள் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. ஆனால் சொல் நின்றது. பிராண்டிப் போத்தல் பக்கத்து வீட்டுக்குப் போனது. நத்தாருக்கு இருவரும் மட்டக்குளிக்குப் போய் டெரிக்கின் வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வருவார்கள்.

[குளிப்பது கொஞ்சம் அதிகப்படி என்று நினைக்கிறீர்களா? ஸமீமா அதைக் கேட்கவில்லை. ஒஸ்வால்ட்டாகச் சேர்த்துக்கொண்டது.]

4

ஸமீமாவின் கடையில் ஒரு வழக்கம். புதிதாக யார் வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் விரலைக் காட்டினாலும், எடுத்துக் கொடுப்பதற்கு முன் சொல்லிவிடுவாள்.

“வட நான் சுட்டது. ரோல்ஸ் கொட்டாஞ்சேனைல ஒஸ்வால்ட் எண்டு ஒரு கிறிஸ்டியன் ஆள் செய்ற. கோழி பஸீர் நானாட. குசினிய நான் போய்ப் பாத்தீக்கி.”

யாரும் கேட்காவிட்டாலும் சொல்வாள். கிறிஸ்டியன் என்றதும் சிலர் விரலை மடக்கிக்கொண்டு வடைக்கு மாறுவார்கள். சிலர் எழுந்தே போய்விடுவார்கள். கடையில் தேத்தண்ணி ஊற்றும் பெண் ஒருநாள் சலித்துக்கொண்டாள், இதையெல்லாம் கூவி விற்க வேண்டுமா என்று.

“போற ஆள் போகட்டும். செல்லி வித்தாத்தான் பரக்கத்து,” என்றாள் ஸமீமா. சொல்லி விற்றால்தான் விற்றதில் இறைவன் அருள் இருக்குமாம்.

சிறு வயதில் ஓதப் போன இடத்தில் கேட்டது அவளுக்கு மறக்கவில்லை. நனைந்த தானியத்தை அடியில் போட்டுக் காய்ந்ததை மேலே பரப்பி விற்காதே. நனைந்ததை எல்லாரும் பார்க்க மேலே வை. வாங்க வருகிறவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறான். அந்தப் பக்கத்தை அவனுக்குச் சொல்ல விற்பவளைத் தவிர வேறு ஆள் இல்லை. சான்றிதழ் வாங்கிச் சட்டம்போட்டு மாட்டுகிற அளவுக்குப் பெரிய கடை இல்லை அது. அந்தக் கடையின் சான்றிதழ் அவளுடைய வாய்.

* நான் சைவம், வெள்ளிக்கிழமைகளில் மட்டும். ‘சைவக் கடை’ என்று பலகை போட்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவேன். அந்தப் பலகையை யார் சரிபார்த்தார் என்று கேட்டதில்லை. முதலாளியின் நெற்றியில் திருநீறு இருந்தால் எனக்குப் போதும். திருநீறும் ஒரு ஸ்டிக்கர்தானா என்ற கேள்வி இங்கே வரக்கூடாது. வந்துவிட்டது. இருக்கட்டும்.

5

[இந்தப் பகுதியைத் தாண்டிவிடப் பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கரையும் கிராண்ட்பாஸில் ஒரு முஸ்லிம் பெண்ணையும் வைத்து எழுதிவிட்டு, அந்த ஈஸ்டர் ஞாயிறைச் சொல்லாமல் போக முடியாது. சொன்னாலோ உங்கள் கண்ணீர் எனக்கு இலவசமாகக் கிடைத்துவிடும். உழைக்காமல் வருவது ஆகுமா ஆகாதா என்று ஸமீமாவைத்தான் கேட்க வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.]

குண்டு வெடித்த அந்தோனியார் கோயில் ஒஸ்வால்ட்டின் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அன்று காலை பிலோமினாவுக்குக் காய்ச்சல், பூசைக்குப் போகவில்லை. அவர்களுடைய தெருவிலிருந்து போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. குண்டோடு வந்தவர்கள் முஸ்லிம்கள் என்று தெரிந்த பிறகு அந்தத் தெருவில் யாரும் முஸ்லிம் கடை வாசலை மிதிக்கவில்லை. ஒஸ்வால்ட்டும் மிதிக்கவில்லை. அடுப்பும் பற்றவில்லை. ஸமீமாவின் கடையும் பூட்டியே கிடந்தது.

ஒருநாள் தொலைபேசி வந்தது. “அண்ணா,” என்றாள். “தங்கச்சி,” என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, ஒஸ்வால்ட் பையை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டார் பார்த்திருக்கவே, பஸீரின் கடைக்கு நடந்தார். பாதி இறக்கிய ஷட்டருக்குள் பஸீர் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

“நானா, கோழி ஈக்கா?” என்று பஸீருடைய பேச்சிலேயே கேட்டார் ஒஸ்வால்ட்.

பஸீர் எழுந்தார். கத்தியைக் கழுவினார். கழுவிக்கொண்டே அழுதார். அந்தக் கிழமை ஸமீமாவின் கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ் வந்தது. அப்போதும் அவள் வழக்கத்தை விடவில்லை. ரோல்ஸ் கேட்ட ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: கொட்டாஞ்சேனை, கிறிஸ்டியன் ஆள், ஒஸ்வால்ட். 

அதையே தாண்டி வந்தவர்கள் இவர்கள். அதனால்தான் இனி வருவதை எழுத எனக்கு விருப்பமில்லை.

6

போன வருடம் ஒருநாள் ஒஸ்வால்ட் ரோல்ஸ் பெட்டியோடு ஸமீமாவின் கடைக்குள் பின்பக்கமாக நுழைந்தார். அவள் பார்க்கவில்லை. முன்னால் யாரோ ஒரு புதிய பெண்ணிடம் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“செய்றது கிறிஸ்டியன் ஆள் தான். ஆனா நல்ல சுத்தம்.”

இதை அவர் ஆயிரம் தடவை கேட்டிருப்பார். அன்றைக்கு என்னவோ, மற்றதெல்லாம் காற்றோடு போய் ‘ஆனா’ மட்டும் காதில் தங்கிவிட்டது. அவள் இழிவாகச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் பெட்டியை வைத்துவிட்டு, எப்போதும் குடிக்கும் பிளேன்டீயைக் குடிக்காமல் திரும்பினார்.

“ஏன் அண்ணா ஓடுற?”

“பஸ் வந்துரும் தங்கச்சி.”

காலி வீதியில் பஸ்ஸுக்கா பஞ்சம்?

பக்கத்திலேயே சயந்தனின் மினி மார்க்கெட். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கெட்டிக்காரன், கெட்டவன் இல்லை. பொரிக்காத ரோல்ஸைக் குளிர்ப்பெட்டியில் வைத்து விற்பதற்கு ஒஸ்வால்ட்டிடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணை, முஸ்லிம் சனம் கையில எடுத்துப் பாத்திட்டுத் திருப்பி வைச்சிட்டுப் போகுது. பைக்கட்டில ஒண்டும் இல்லைத்தானே. நீங்கள் செய்யிறது ஹலால்தானே?”

“ஹலால்தான் தம்பி.”

“பிறகென்ன? அடிச்சு ஒட்டிவிடுங்கோ. பொய்யா சொல்லுறம்?”

பொய் இல்லைதான். ஒஸ்வால்ட் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். பைக்கட்டே பேசிவிட்டால், யாரும் அவருக்காக ‘ஆனா’ சொல்லத் தேவையில்லை. வீட்டிலிருந்த ஒரு வெளிநாட்டு பிஸ்கட் டின்னின் மூடியில் அழகான பச்சை வட்டம் ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜம்பட்டா வீதி அச்சகத்துக்குப் போனார். உள்ளே இருந்த அரபு எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது. திரீவீலர்க் கண்ணாடியில் அந்தோனியார் படம் ஒட்டுவதில்லையா, அப்படித்தான் நினைத்தார். படம் ஒட்ட அந்தோனியாரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. அது பக்தி, மரியாதை. அச்சகத்தில் காத்திருந்தபோது கையிலிருந்த மூடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

[இங்கே எனக்கு ஒஸ்வால்ட்மேல் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் எல்லாம் தெரிந்தே செய்தார். திருடனாகிவிட்டார், கதை செத்தது. இரண்டாம் வரைவில் ஒன்றுமே தெரியாத அப்பாவி, அதுவும் செத்தது. பிறகு ஒன்று கண்ணில் பட்டது. தினமும் காலையில் பஸீர் நானாவைப் பார்க்கிறவர், கோழி வெட்டும் நேரமெல்லாம் ஊர்க்கதை பேசுகிறவர், இதைப் பற்றி மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டால் பதில் கிடைத்துவிடும்.]

7

முதல் பைக்கட்டை ஸமீமாவிடம்தான் கொண்டுபோனார். பொட்டலத்தைத் துணியில் சுற்றி, பிறந்தநாள் பரிசுபோல நீட்டினார். அவள் துணியை விலக்கினாள். வட்டத்தைப் பார்த்தாள். பைக்கட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடியும் வட்டத்தைப் பார்த்தாள்.

“இத ஆரு தந்த?”

“நான்தான் அடிச்சது. வடிவா இல்லையா?”

“ஆரும் ஊட்டுக்கு வந்து பாத்தா? முத்திரை குடுக்கிற ஒபீஸால ஆரும்?”

“இல்ல. யாரு வரப்போறா? உள்ள இருக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே.”

ஸமீமா பைக்கட்டை மேசையில் வைத்தாள், சூடானதை வைப்பதுபோல.

“அண்ணா, இது நீங்க செல்ற சொல்லில்ல. இன்னொரு ஆள்ட சொல்லு. ‘நாங்க வந்து பாத்த, நாங்க பொறுப்பு’ எண்டு அவங்க செல்ற. ஒங்கட ஊட்டுக்கு வந்து பாத்தது நான் ஒராள் மட்டும்.”

ஒஸ்வால்ட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. “சாமான் அதே சாமான்தானே தங்கச்சி.”

“அதே சாமான் தான். அதுக்குத்தான் வயிறெரியிது. சயந்தன்ட கடைலயும் குடுத்தா?”

“குடுத்துட்டன்.”

“இண்டைக்கே போய் எடுத்துருங்க. அல்லாவுக்காக.”

“சரி,” என்றார்.

[“அந்த ‘ஆனா’ எனக்கு வலிச்சது தங்கச்சி.” இந்த ஒரு வரியை இந்த இடத்தில் ஒஸ்வால்ட்டுக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் ஸமீமா திடுக்கிட்டிருப்பாள், இரண்டு பேரும் கொஞ்சம் அழுதிருப்பார்கள், பிளேன்டீ வந்திருக்கும். மனிதர்கள் சொல்ல வேண்டியதைத் தவிர மற்றதையெல்லாம் சொல்கிறார்கள்.]

8

சயந்தன் சொன்னான்: “இந்தக் கிழமை மட்டும் போகட்டும் அண்ணை. இப்பதான் சனம் எடுக்கத் துவங்கியிருக்குது. இருக்கிறது முடியட்டும், பிறகு ஒட்டாமல் தாங்கோ.”

ஒஸ்வால்ட் தலையாட்டினார். அவர் செய்த பிழை ஸ்டிக்கர் அடித்தது என்று நீங்கள் நினைத்தால், என்னுடைய எண்ணம் வேறு. பாதி அறியாமல் செய்ததற்கு மன்னிப்பு இருக்கிறது. ஸமீமா சொன்ன பிறகு தலையாட்டியதுதான் பிழை.

அந்தக் கிழமைக்குள்ளேயே ஒரு வாடிக்கைக்காரி சயந்தனிடம் வாங்கிய ஒஸ்வால்ட்டின் பைக்கட்டோடு ஸமீமாவின் கடைக்கு வந்தாள். வருடக்கணக்காக அங்கே ரோல்ஸ் சாப்பிடுகிறவள். கடை நிறைந்திருந்த நேரம். “நீங்க சர்ட்டிபிகேட் ஒண்டும் இல்லண்டு செல்லின. இதுல ஈக்கே?” என்று சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

ஸமீமா பேசாமல் இருந்திருக்கலாம். “அப்படியா, நல்லம்” என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் தேத்தண்ணி ஆற்றுகிற சாக்கில் உள்ளே போயிருப்பேன். அவள் பழகிய வழக்கம் அவளை விடவில்லை. நனைந்ததை எடுத்து மேலே வைத்தாள்.

“அந்த முத்திரை பொய். ஆரும் குடுக்கல்ல. சாமான் சரி, கோழி பஸீர் நானாட தான், குசினி நான் பாத்த குசினி. முத்திரை மட்டும் பொய்.”

சனத்தின் காதில் முதல் மூன்று சொல்தான் விழுந்தது. பின்னேரம் ஆவதற்குள் பச்சை வட்டத்தின் படம் எல்லாருடைய தொலைபேசியிலும் இருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மெல்ல மெல்ல வராமல் போனார்கள். பொய் முத்திரை குத்துகிற ஆளை நல்லவர் என்று இத்தனை வருடம் சொன்னவள், வேறு என்னென்ன சொன்னாளோ? வடையையும் சந்தேகமாகப் பார்த்தார்கள். ரோல்ஸ் இருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள் ஸமீமா.

சயந்தன் பயந்துபோய் ஒஸ்வால்ட்டைக் கூப்பிட்டான். “அண்ணை, வந்து எல்லாத்தையும் சுரண்டிப் போட்டுக் கொண்டுபோங்கோ.” ஒஸ்வால்ட் குளிர்ப்பெட்டியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கத்தியால் ஒவ்வொரு வட்டமாகச் சுரண்டினார். விரல் விறைத்தது. ஒரு பைக்கட்டில் பாதி சுரண்டியபோது கை நின்றுவிட்டது. விட்டு வைத்தால் அது பொய். சுரண்டி எறிந்தால், உள்ளே இருப்பது ஹலால் இல்லை என்று தன் கையாலேயே சொல்வதுபோல இருக்கிறது. அதுவும் பொய்தானே. அந்த ஒன்றை அப்படியே அடியில் போட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் கண்டெடுத்தது அதைத்தான். அப்படி வைத்துக்கொள்வோம்.

சுரண்டிய பைக்கட்டுகளோடு நேரே ஸமீமாவிடம் போனார். கடையில் ஆள் இல்லை. அவள் அவருக்குப் பிளேன்டீ ஊற்றி வைத்தாள்.

“எல்லாத்தையும் எடுத்துட்டன் தங்கச்சி.”

“தெரியும்.”

“இனி ஒண்டும் ஒட்ட மாட்டன். பழைய மாதிரியே…”

“அண்ணா, எனக்கு ஒங்களோட கோவமில்ல. நீங்க எனக்கு ஒரு பொய் செஞ்ச, அது பரவால்ல. இனி ஆரும் கேட்டா நான் என்ன செல்ற? வாயத் தொறந்தா சொல்லு வருதில்ல. இந்தப் பெட்டிக்கு முன்னால நிண்டு ஒங்கட பேர எத்தன பேருக்குச் செல்லீப்பேன்? இப்ப வருதில்ல அண்ணா. நான் என்ன செய்ற?”

ஒஸ்வால்ட் பிளேன்டீயைக் குடித்து முடித்தார். கோப்பையைத் தானே கழுவி வைத்தார். அது வரைக்கும் அவள் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே.

9

இப்போது முடிவு வேண்டும். என்னிடம் சில இருக்கின்றன.

ஒன்று. நோன்புப் பெருநாள் காலை. ஸமீமா வட்டிலாப்பம் எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வருகிறாள். பிலோமினா கதவைத் திறக்கிறாள். அடுத்த கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் பொருத்தமான முடிவு. பாடத்தின் கீழே மூன்று கேள்வியும் போடலாம்.

இன்னொன்று. ஒஸ்வால்ட் முறைப்படி விண்ணப்பித்து, ஆட்கள் வந்து குசினியைப் பார்த்து, உண்மையான முத்திரை கிடைக்கிறது. அவருடைய குசினிக்கு அது கட்டுபடியாகுமா என்பதை விடுங்கள்; கதைதானே, ஆக்கிவிடலாம். எல்லாம் சரியாகிவிடும், ஒன்றைத் தவிர. இனி ஸமீமா எதுவும் சொல்லத் தேவையில்லை. யாருடைய பெயரும் அந்தக் கடையில் கேட்காது. சனம் வட்டத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போகும். இதை எழுதிவிட்டு மனம் கேட்காமல் கிழித்தேன்.

மற்றொன்று: “புதிதாக வந்த ஒரு பெண் வெறுந்தட்டைக் காட்டி, ‘ரோல்ஸ் இல்லியா?’ என்று கேட்டாள். ஸமீமா நிமிர்ந்தாள். வாயைத் திறந்து…”

இதற்கு மேல் எழுதவில்லை. எழுத முடியாமல் இல்லை. அவள் வாயில் என்ன வைக்கவும் எனக்கு அதிகாரம் உண்டு, இவர்களை உண்டாக்கியவன் நான். ஆனால் அவளே ‘வருதில்ல’ என்று சொன்ன பிறகு, வந்தது என்று நான் எழுதினால் என்ன ஆகும்? போய்ப் பார்க்காமல், விசாரிக்காமல், வடிவாக இருக்கிறது என்பதற்காக ஒரு மன்னிப்பை அடித்துக் கதையின் மேல் ஒட்டிவிட்டதாக ஆகும். பச்சை வட்டம் ஒன்று போதும் இந்தக் கதைக்கு.

10

ஒன்று மட்டும் தெரியும், அதைச் சொல்லி முடிக்கிறேன்.

பிறகு வந்த நத்தாருக்கு முதல்நாள் டெரிக் மட்டக்குளியிலிருந்து பன்றி இறைச்சியோடு வந்தான். “அக்கா, இனி அவங்க ஒங்ககிட்ட எடுக்கிறதில்லதானே. இந்தத் தடவை இங்கயே ஆக்குவோம்,” என்றான். பிலோமினா சட்டியை எடுத்தாள். அவளுக்கும் ஆசை இருந்தது. எத்தனை வருட ஆசை.

ஒஸ்வால்ட் அடுப்படியில் போய் நின்றுகொண்டார்.

“இங்க வேணாம்.”

“யாருக்காக இனி?” என்று கேட்டாள் பிலோமினா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஒஸ்வால்ட் ரப்பர் பிரஷ்ஷை எடுத்துக் குழாயில் பிடித்துக் கழுவினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. மூவரும் இறைச்சியை எடுத்துக்கொண்டு மட்டக்குளி பஸ் ஏறினார்கள். சாப்பிட்டார்கள். ஒஸ்வால்ட் அங்கேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஸமீமாவுக்கு இது தெரியாது. போய்ச் சொல்வதற்கு இந்தக் கதையில் ஆள் இல்லை. பிலோமினா போகமாட்டாள், அவளுக்கு ரோஷம். டெரிக்குக்கு அந்தக் கடை எங்கே என்றே தெரியாது. ஒஸ்வால்ட் தன் வாயால் சொன்னால், அது அவரே அடித்த இன்னொரு ஸ்டிக்கர். நான் சொல்லலாம் என்றால், நான் கதை எழுதுகிறவன். என் பேச்சை யார் நம்புவார்?

வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு இறங்கும் ஒழுங்கையில் இடது கைப்பக்கம் அந்தக் கடை. பின்னேரம் வடை சூடாக இருக்கும். அவள் வழக்கம்போல, “வட நான் சுட்டது,” என்று தொடங்குவாள். பக்கத்துத் தட்டு கவிழ்ந்தே இருக்கும். அப்போது ஒஸ்வால்ட்டின் அடுப்பைப் பற்றி அவளிடம் சொல்வதா, பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வருவதா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நத்தாருக்கு முதல்நாள் அவருடைய குசினிக்குள் வந்து பார்த்தது நீங்கள் ஒராள் மட்டும்.